வீட்டில் படம் பார்க்க எதற்குப் பணம் கொடுக்கலாம்: சந்தாவா, டிவிடியா, திருட்டுப் பிரதியா?

பெங்களூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தின் பார்வைப் பழக்கம் ஒரே மொழியோடு முடிவதில்லை. பெரியவர்களுக்குத் தமிழ்ப் படமும் தொடரும், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கன்னடமும், வேலைக்குப் போய் வருபவருக்கு மலையாளப் படமோ கிரிக்கெட்டோ என்று ஆளுக்கொரு தேவை இருப்பதால், கண்ணில் பட்ட ஓடிடிகளுக்கெல்லாம் சந்தா கட்டிவிட்டு, அவற்றில் பாதியை மாதக்கணக்கில் திறக்காமலே விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆகவே எந்தச் சேவை நல்லது என்று விசாரிப்பதற்கு முன், கடந்த மூன்று மாதங்களில் வீட்டில் முழுதாகப் பார்த்து முடித்தவை எவை என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எந்த ஓடிடியில் வந்தது, அதை மறுபடியும் பார்க்கும் எண்ணம் உண்டா என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்துபோகிற படங்களுக்குச் சந்தாவோ வாடகையோ சரி. ஆண்டுக்கொரு முறையாவது எடுத்துப் பார்க்கிற படங்களுக்கு டிஸ்க் சரி. என் கணக்கில் பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது வகைப் படங்கள் இருபதைத் தாண்டாது.

சந்தாவைப் பொறுத்தவரை, ஒரு நேரத்தில் ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளாமல், மாதத்துக்கு மாதம் மாற்றிக்கொண்டே போவதுதான் சிக்கனமான முறை. பார்க்க விரும்பும் படங்களின் பட்டியல் ஒன்றைக் கைப்பேசியில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எந்தப் படம் எங்கே கிடைக்கிறது என்பதை ஜஸ்ட்வாட்ச் தளத்தில் தேடினால் தெரிந்துவிடும். ஒரே ஓடிடியில் ஐந்தாறு படங்கள் சேர்ந்த பிறகு அதற்கு ஒரு மாதம் பணம் கட்டி, பார்த்து முடித்ததும் நிறுத்திவிடலாம். கிரிக்கெட் பார்க்கும் வீடாக இருந்தால், ஜியோஹாட்ஸ்டாரை ஐபிஎல் நடக்கும் காலத்துக்கு மட்டும் எடுத்தாலே பெரும்பாலும் போதும். ஆண்டுச் சந்தா கணக்குப் பார்க்கும்போது மலிவாகத் தெரியும். ஆனால் ஆண்டு முழுவதும் பார்க்கிற வீட்டுக்குத்தான் அது மலிவு. அமேசான் பிரைமின் 1,499 ரூபாய் ஆண்டுச் சந்தா, பொருள்களை வீட்டுக்கு வரவழைப்பதற்கும் சேர்த்துப் பயன்பட்டால் நியாயமானது. அதிலும் 2025 ஜூன் முதல் படங்களுக்கு இடையே விளம்பரம் வருகிறது என்பதையும், அதை நீக்க ஆண்டுக்கு 699 ரூபாய் தனியாகக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விலையைக் காட்டிலும் திரையைப் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் விலையைக் குறைத்தபோது மாதம் 149, 199, 499, 649 ரூபாய் என்று நான்கு படிகளை வைத்தது. முதல் படி கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே உரியது. அதை வாங்கிவிட்டு டிவியில் போட முடியாது. 199 ரூபாய்த் திட்டத்தில் டிவியில் பார்க்கலாம் என்றாலும், ஒரு நேரத்தில் ஒரே திரைதான். 499 ரூபாய்க்கு முழு ஹெச்டி தரமும் இரண்டு திரைகளும், 649 ரூபாய்க்கு 4கே தரமும் நான்கு திரைகளும் கிடைக்கும். 43 அங்குல டிவியைச் சோபாவில் சாய்ந்துகொண்டு பத்தடித் தொலைவிலிருந்து பார்க்கிறவருக்கு 4கே தரத்துக்கான கூடுதல் பணம் வீண் என்றே சொல்வேன். ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டுக் கடவுச்சொல்லை வாங்கிப் பார்க்கும் வழியை நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையிலேயே இங்கு அடைக்கத் தொடங்கிவிட்டது.

பலருக்குப் புரியாத சிக்கல் ஒன்று உண்டு. முழு ஹெச்டி திட்டத்துக்குப் பணம் கட்டியிருப்பார்கள், இணைய வேகமும் இருக்கும், ஆனாலும் படம் மங்கலாகவே தெரியும். இதற்குக் காரணம், படத்தை நகலெடுக்காமல் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டு முறை. ஆண்ட்ராய்டு கைப்பேசியிலோ டிவி பெட்டியிலோ இந்தப் பூட்டு எல்1 என்ற நிலையில் இருந்தால்தான் பெரிய ஓடிடிகள் ஹெச்டி தரத்தில் படத்தை அனுப்பும். எல்3 நிலையில் இருந்தால் எத்தனை பணம் கட்டினாலும் குறைந்த தரம்தான். எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் பேரம் பேசி வாங்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளும் விலை குறைந்த புரொஜக்டர்களும் பெரும்பாலும் இதில்தான் மாட்டிக்கொள்கின்றன. ஆகவே பணம் கொடுக்கும் முன், கடைக்காரரின் வைஃபையிலேயே உங்கள் கணக்கில் நுழைந்து ஒரு படத்தை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இணையச் செலவும் கணக்கில் வர வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தரும் அளவின்படி ஹெச்டி தரத்தில் மணிக்கு ஏறத்தாழ 3 ஜிபி, 4கே தரத்தில் 7 ஜிபி செலவாகும். வீட்டில் பிராட்பேண்ட் இருப்பவர்களுக்கு இது பொருட்டல்ல. ஆனால் மாரத்தஹள்ளியிலோ மடிவாளாவிலோ பிஜி விடுதியில் தங்கி, நாளொன்றுக்கு 2 ஜிபி என்ற ரீசார்ஜை நம்பியிருக்கும் இளைஞர், ஹெச்டி தரத்தில் ஒரு படத்தை ஓட்டினால் இடைவேளைக்கு முன்பே, நாற்பதாவது நிமிடத்தில் டேட்டா தீர்ந்துவிடும். அவர் செய்ய வேண்டியது, அலுவலகத்திலோ நண்பர் வீட்டிலோ நல்ல வைஃபை கிடைக்கும்போது செயலிக்குள்ளேயே படத்தை இறக்கிக்கொள்வது. அப்படி இறக்கியது சில நாள்களில் காலாவதியாகிவிடும் என்பதால், வாரக் கடைசிக்கு வேண்டியதை வெள்ளிக்கிழமை இறக்கிக்கொள்வது நல்லது. பிராட்பேண்ட் இணைப்போடு சேர்த்துத் தரப்படும் ஓடிடி தொகுப்புகளையும் ஒருமுறை சரிபாருங்கள். ஏற்கெனவே இணைப்புக் கட்டணத்தில் அடங்கியிருக்கும் ஒன்றுக்குத் தனியாகவும் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

பணம் கட்டும் முறையில் கவனம் தேவை. யுபிஐ மூலம் கட்டும்போது, அடுத்தடுத்த தவணைகளைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் ஆட்டோபே அனுமதி ஒன்று கூடவே உருவாகிறது. ஓடிடி செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று எண்ணக் கூடாது. யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து, அங்கே உயிரோடு இருக்கும் அனுமதிகளைப் பார்த்து, வேண்டாததை அங்கேயே ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடுகிற பழக்கத்தால்தான் பணம் போகிறது. பெரும்பாலான சேவைகளில், கட்டிய அன்றே ரத்து செய்தாலும் அந்த மாதம் முடியும்வரை பார்க்க முடியும் என்பதால், சந்தா எடுத்த கையோடு ஆட்டோபேயை நிறுத்திவிடுவதே என் யோசனை.

ஒரே ஒரு படத்துக்காகச் சந்தா எடுக்க மனமில்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கலாம். யூடியூபிலும் பிரைம் வீடியோவிலும் இந்த வசதி இருக்கிறது. பணம் கட்டிய பின் பார்க்கத் தொடங்க 30 நாளும், தொடங்கிய பின் முடிக்க 48 மணி நேரமும் அவகாசம்.

இனித் திருட்டுப் பிரதி. அதை ஒழுக்கத்தின் பெயரால் மட்டும் மறுத்தால் யாரும் கேட்பதில்லை. தரத்தையும் காலத்தையும் வைத்தே பேசலாம். புதிய தமிழ்ப் படம் வெளியான மறுநாள் டெலிகிராமில் வருவது அரங்கில் கேமராவை மறைத்துவைத்து எடுத்தது; முன்வரிசைக்காரர் எழுந்து போவது தெரியும், வசனத்துக்கு மேல் விசில் கேட்கும், திரையின் குறுக்கே ஏதோ ஒரு சூதாட்டச் செயலியின் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். தெளிவான பிரதி எப்போது வருகிறது என்று கவனியுங்கள்: படம் ஓடிடியில் வெளியாகும் அன்றுதான், ஏனெனில் அங்கிருந்துதான் அதை உருவுகிறார்கள். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்திலேயே ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. ஆகவே தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் திருட்டுப் பிரதிக்காரரும் அந்த நான்கு வாரம் காத்திருக்கத்தான் வேண்டும். அவருக்கு மிச்சமாவது ஒரு மாதச் சந்தாப் பணம் மட்டுமே.

அந்தப் பணத்துக்கு ஈடாக அவர் கொடுப்பது அதிகம். எல்லாப் படமும் இலவசம் என்று சொல்லி, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவச் சொல்லும் செயலிகள் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நம் வங்கிகளின் ஓடிபி வருவது அந்தக் குறுஞ்செய்தியில்தான். டாரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையில் இறக்கும்போது, உங்களிடம் வந்து சேர்ந்த துண்டுகளை உங்கள் கணினி பிறருக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கும். அதாவது பார்ப்பவராக மட்டுமல்லாமல் விநியோகிப்பவராகவும் ஆகிறீர்கள், அதுவும் உங்கள் பெயரில் இருக்கும் இணைய இணைப்பிலிருந்து. 2023ஆம் ஆண்டின் ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, அரங்கில் படம்பிடிப்பவருக்கும் அதைப் பரப்புபவருக்கும் குறைந்தது மூன்று மாதச் சிறையும் மூன்று லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. கர்நாடகத்தின் குண்டர் தடுப்புச் சட்டத்தின் பெயரிலேயே வீடியோ, ஆடியோ திருட்டும் இடம்பெற்றிருக்கிறது.

இருந்தாலும் ஒரு நியாயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐம்பது, அறுபதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்களில் பல எந்தச் சந்தாவிலும் கிடைப்பதில்லை. இவற்றுக்கு முதலில் தேட வேண்டிய இடம், உரிமை வைத்திருக்கும் நிறுவனங்களே யூடியூபில் நடத்தும் பக்கங்கள். மூலையில் முத்திரையும், அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டப்பட்ட சட்டகமும் எரிச்சலூட்டும் என்றாலும், அவை இலவசம், சட்டப்படியானவை. அங்கேயும் இல்லாதவற்றுக்குப் பழைய டிஸ்க்தான் கதி.

தமிழ் டிஸ்க் சந்தை ஒரு காலத்தில் செழிப்பாக இருந்தது. மோசர் பேர் நிறுவனம் அசல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றுத் திருட்டு விசிடியோடு விலையிலேயே மோதியது. அந்த நிறுவனம் 2018இல் கலைக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டது. ஆகவே இன்று வாங்குவதெல்லாம் பெரும்பாலும் கைமாறிய சரக்கு. விசிடியைத் தவிர்த்துவிடுங்கள், அதன் படப்புள்ளிகள் 352க்கு 288 மட்டுமே என்பதால் இன்றைய டிவியில் முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். டிவிடி பார்க்கத் தகுந்தது. டிவிடியைவிடத் தெளிவான ப்ளூ-ரே டிஸ்க் கிடைத்தால் விடவே விடாதீர்கள்: அதில் படத்துக்கான தரவு நொடிக்கு 40 மெகாபிட் வரை பாயும், 4கே ஓடிடிக்கு நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் இணைய வேகமே 15 மெகாபிட்தான். மழைக் காட்சியிலும் இருட்டுக் காட்சியிலும், பின்னணி இசையின் அடிநாதத்திலும் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். வெளிநாட்டிலிருந்து உறவினரை வாங்கிவரச் சொல்லும்போது, டிஸ்க் எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதைக் காட்டும் மண்டலக் குறியீட்டைக் கேளுங்கள். ப்ளூ-ரேவில் இந்தியா சி, அமெரிக்காவும் சிங்கப்பூரும் ஏ, இங்கிலாந்து பி. 4கே டிஸ்கில் இந்தத் தடை இல்லை.

காந்திநகர் நேஷனல் மார்க்கெட்டிலோ பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கத்துச் சண்டே பஜாரிலோ பழைய டிஸ்க் கையில் கிடைத்தால், உறையின் அழகைப் பார்த்து வாங்காமல் டிஸ்கைத் திருப்பிப் பாருங்கள். ஆலையில் அச்சான அசல் டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளி நிறத்திலோ, இரண்டு அடுக்கு கொண்டதாக இருந்தால் இளம் பொன் நிறத்திலோ இருக்கும். கணினியில் எரித்த பிரதிக்கு ஊதாச் சாயல் தெரியும். பிறகு அதை டியூப் லைட்டுக்கு எதிரே பிடியுங்கள். ஊசி குத்தியதுபோல் ஒளிப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளே இருக்கும் உலோகப் பூச்சு கெட்டுவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கீறல்களைப் பிளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும். வட்டத்தோடு ஒட்டி வளைந்து போகும் கீறல்தான் படத்தை நிறுத்தும். அதனால்தான் துடைக்கும்போதும் வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும்.

பிளேயரையும் பழையதாகவே வாங்குவதாக இருந்தால், பின்புறம் ஹெச்டிஎம்ஐ இருப்பதைப் பாருங்கள்; சிவப்பு, வெள்ளை, மஞ்சள் கம்பிகளுக்கான துளைகள் இன்றைய டிவிகள் பலவற்றில் இல்லை. அமெரிக்கச் சந்தைக்குப் புதிய ப்ளூ-ரே பிளேயர்களைக் கொண்டுவரப்போவதில்லை என்று சாம்சங் 2019இலேயே சொல்லிவிட்டது. டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 வீட்டில் இருந்தால் தனிப் பிளேயர் வாங்க வேண்டியதே இல்லை; ப்ளூ-ரேவையும் 4கே டிஸ்கையும் அதுவே ஓட்டும். கடையில் சோதிக்கும்போது உங்கள் டிஸ்க் ஒன்றைக் கொண்டுபோய், முதல் பாட்டோடு திருப்தி அடையாமல், படத்தின் நடுப்பகுதிக்கும் கடைசிக் காட்சிக்கும் தாவிப் பாருங்கள். லேசர் களைத்துப்போன பிளேயர் அங்கேதான் திக்கித் திணறும்; திணறினால் எத்தனை குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.