பிள்ளைக்கு வாசிக்க, எழுதக் கஷ்டமா? ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்த பெற்றோர் காசு செலவழிக்க முன் பார்க்க வேண்டியவை

வந்து இறங்கியதும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். சின் நம்பர், ஹெல்த் கார்ட், வங்கிக் கணக்கு, பள்ளிக்கூடப் பதிவு, குளிர்காலச் சப்பாத்து. பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராது, பென்சிலைப் பிடித்தால் அழுகிறான், ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்கமாட்டான் என்றால் எங்கே போவது என்று அந்தப் பட்டியலில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். கேட்டால் "ரியூஷன் போடுங்கோ" என்பார்கள். நாங்களும் போட்டோம்.

ரியூஷனுக்குப் பிறகு ஒரு பேனா வாங்கினோம். வரியின் மேல் இழுத்தால் சொல்லை வாசித்துக் காட்டும் மின் பேனா. விலை முந்நூறு டொலருக்குக் கிட்ட. அச்சடித்த பாடப்புத்தகத்தை நன்றாகவே வாசித்தது. ஆனால் மகனின் வீட்டுப்பாடத்தில் பாதி ரீச்சர் கையால் எழுதி பிரதி எடுத்த தாள்கள். அதில் இழுத்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். பேனா இப்போது லாச்சிக்குள் கிடக்கிறது. அது செய்த வேலையை, பள்ளிக்கூடம் இலவசமாகத் தந்த குரோம்புக் மடிக்கணினி அவன் மடியில் இருந்தபடியே செய்யும் என்று பிறகுதான் தெரிந்தது.

குரோம்புக்கின் அக்ஸசிபிலிட்டி (அணுகல் வசதிகள்) பகுதியில் 'செலக்ட் டு ஸ்பீக்' என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரு தடவை இயக்கி விட்டால் போதும். பிறகு வாசிக்க வேண்டிய பகுதியைத் தெரிவு செய்து, சேர்ச் விசையையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் வாசிக்கத் தொடங்கும். வாசிக்கும் சொல் திரையில் நிறம் மாறிக்கொண்டே போகும். ஐபோனிலும் ஐபாடிலும் 'ஸ்பீக் ஸ்கிரீன்' என்பதை இயக்கிவிட்டு, இரண்டு விரலால் மேலிருந்து கீழே இழுத்தால் முழுப் பக்கத்தையும் வாசிக்கும். அன்ட்ரொயிட் போனிலும் 'செலக்ட் டு ஸ்பீக்' உண்டு. எதற்கும் ஒரு சதம்கூடக் கட்ட வேண்டியதில்லை.

வீட்டில் விண்டோஸ் கணினி இருந்தால் எட்ஜ் உலாவியைத் திறந்து, ஏதாவது ஒரு கட்டுரைப் பக்கத்தில் எஃப்9 விசையை அழுத்திப் பாருங்கள். விளம்பரம், படம் எல்லாம் மறைந்து எழுத்து மட்டும் பெரிதாக நிற்கும். இதுதான் 'இமேர்சிவ் ரீடர்'. சொல்லை அசை அசையாகப் பிரித்துக் காட்டும். ஒரு வரி அல்லது மூன்று வரி மட்டும் வெளிச்சமாக விட்டு மிச்சத்தை இருட்டாக்கும். என் மகனுக்குக் கைகொடுத்தது அந்த ஒற்றை வரிதான். முன்னர் நான்காவது வரியில் நிற்கும் கண் ஆறாவது வரிக்குத் தாவிவிடும், கதை விளங்காது, புத்தகத்தை மூடிவிடுவான். வரி ஒன்று மட்டும் தெரிந்த முதல் நாள் ஒரு பக்கத்தைக் கடைசி வரை வாசித்துவிட்டு, அதை அறிவிக்க என்னைத் தேடி அடுப்படிக்கு வந்தான்.

இதில் பெற்றோருக்கும் ஒரு வசதி இருக்கிறது. பள்ளிக்கூடத்தின் இணையப் பக்கத்தில் வரும் நீண்ட ஆங்கில அறிவித்தலை எட்ஜில் தமிழுக்கு மாற்றி, 'ரீட் அலவுட்' கொடுத்தால் தமிழிலேயே வாசிக்கும். குரல் பட்டியலில் இந்தியத் தமிழுக்குப் பல்லவியும் வள்ளுவரும், இலங்கைத் தமிழுக்கு சரண்யாவும் குமாரும் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்பு சில இடங்களில் சிரிப்பை வரவழைக்கும், ஆனால் எந்த நாள், எத்தனை மணி, என்ன கொண்டுவர வேண்டும் என்பது விளங்கிவிடும். என் மாமி இப்படித்தான் பேரனின் பள்ளிக்கூட விசயமெல்லாம் கேட்டு வைத்திருக்கிறார்.

எழுதக் கை வராத பிள்ளைக்கு கூகுள் டொக்ஸின் குரல் தட்டச்சு. குரோம் உலாவியில் ரூல்ஸ் (Tools) பட்டியலுக்குள் 'வொய்ஸ் டைப்பிங்' இருக்கும், கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். மைக் படம் சிவப்பானதும் பேச வேண்டியதுதான். ஊரிலிருந்து வந்த புதிதில் பிள்ளையின் உச்சரிப்பு அதற்குப் பிடிபடாது. மொழிப் பட்டியலில் கனடா ஆங்கிலத்துக்குப் பதில் இந்திய ஆங்கிலத்தைத் தெரிவு செய்து பாருங்கள், எங்கள் வீட்டில் பிழை குறைந்தது. தமிழிலும் பேசலாம், ஆனால் தமிழில் 'முற்றுப்புள்ளி' என்று சொன்னால் புள்ளி விழாது, அந்தச் சொல்லையே எழுதி வைக்கும். யோசனையைத் தமிழில் சொல்லிப் பதிந்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் எழுத உட்காரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நூலகத்தை மறக்காதீர்கள். ரொறன்ரோவில் வசிப்பவருக்கு நூலக அட்டை இலவசம். அச்சில் வாசிக்க முடியாதவர்களுக்கு 'சேலா' என்ற சேவை பொது நூலகங்கள் வழியாகக் கிடைக்கிறது. கண் தெரியாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், டிஸ்லெக்சியா போன்ற வாசிப்புச் சிக்கல் உள்ளவர்களும் புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாதவர்களும் சேரலாம். ஒலிப்புத்தகம், பிரெயில் எல்லாம் அதில் உண்டு. 'புக்‌ஷெயார்' என்ற பெரிய மின்னூல் தொகுப்புக்கும் அதன் வழியாக இலவசமாகப் போகலாம். கிளை நூலகத்தில் கேட்டால் பதியும் முறையைச் சொல்வார்கள்.

பார்வை குறைந்த பிள்ளைக்கு விண்டோஸில் ஓடும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள், இலவசம். கண் தெரியாத அவுஸ்திரேலியர் ஒருவர் 2006-இல் தொடங்கியது, தமிழும் வாசிக்கும். போனில் மைக்ரோசொப்டின் 'சீயிங் ஏஐ' தாளையும் லேபிளையும் வாசித்துச் சொல்லும். கேட்கும் திறன் குறைந்தவருக்கு அன்ட்ரொயிட்டின் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' பேச்சை எழுத்தாக்கிக் காட்டும். பேசாத பிள்ளைக்குப் படத்தைத் தொட்டால் பேசும் செயலிகளில் 'சீபோர்ட்' இலவசம், பிரபலமானவை பல நூறு டொலர். பேச்சுச் சிகிச்சையாளரிடம் கேட்காமல் அவற்றை வாங்க வேண்டாம். காது கேட்கும் கருவி, பேச்சுக் கருவி போன்றவற்றுக்கு ஒன்ராறியோ அரசின் 'ஏடிபி' என்ற நிதியுதவித் திட்டம் உண்டு. ஹெல்த் கார்ட் வந்த கையோடு அதைப் பற்றி விசாரியுங்கள்.

மின்சாரம் தேவையில்லாத சாமான்களும் சொல்ல வேண்டும். தடித்த மூன்று வளையக் கோப்பு ஒன்றைப் பக்கவாட்டில் மேசையில் வைத்தால் சரிவான எழுதுபலகை. மட்டை ஒன்றில் ஒரு வரி அகலத்துக்கு வெட்டினால் வாசிப்புச் சன்னல். பென்சிலில் மாட்டும் ரப்பர் பிடி, அடுப்படி ரைமர் இரண்டும் டொலர் கடையில் கிடைக்கும். அதேநேரம், டிஸ்லெக்சியாவுக்கென்று விசேட எழுத்துருவைக் காசுக்கு விற்பவரிடம் ஏமாற வேண்டாம். 'ஓப்பன் டிஸ்லெக்சிக்' இலவசம், பிள்ளைக்குப் பிடித்தால் போடுங்கள். பெரிய எழுத்தும் அகலமான இடைவெளியும் எந்த எழுத்துருவிலும் அதே உதவியைச் செய்யும்.

இனி முக்கியமான விசயம். இவ்வளவும் வீட்டில் பழகிய பிள்ளை, வகுப்புப் பரீட்சையில் வெறுங்கையோடு உட்கார்ந்தால் பிரயோசனமில்லை. ஒன்ராறியோவில் அதற்கு 'ஐஇபி' எனப்படும் தனிக் கல்வித் திட்டத்தில் அந்தக் கருவியின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். "தேவையான உதவி வழங்கப்படும்" என்ற பொதுப் பேச்சு போதாது. "உரையை வாசித்துக் காட்டும் மென்பொருள், குரல் தட்டச்சு, மேலதிக நேரம்" என்று இருக்க வேண்டும். மாகாணப் பரீட்சையான ஈகியூஏஓவிலும் விசேட வசதி கேட்கும்போது பார்ப்பது ஐஇபியைத்தான்.

எங்களுக்கு இதில் ஒன்றரை வருடம் வீணாகியது. பெற்றோர் சந்திப்பில் மகனைப் பற்றிக் கேட்டபோது, "ஆங்கிலம் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்றார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம். அவனுக்குத் தமிழ் வாசிக்கவும் இதே கஷ்டம் இருந்தது என்பதைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொல்லுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்து அறிக்கை, பழைய கொப்பி ஏதும் இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள். தாய்மொழியிலும் சிக்கல் என்றால் அது ஆங்கிலப் பிரச்சினை மட்டுமல்ல.

இன்னொன்று, வாயால் கேட்காதீர்கள். அதிபருக்கு மின்னஞ்சல் போடுங்கள். ஐபிஆர்சி என்ற குழு பிள்ளையின் தேவையை முறையாகத் தீர்மானிக்கும். அந்தக் குழுவைக் கூட்டும்படி பெற்றோர் எழுத்தில் கேட்டால் அதிபர் அதை மறுக்க முடியாது, 15 நாளுக்குள் பதிலும் பெற்றோர் வழிகாட்டியும் தர வேண்டும். கூட்டத்துக்கு உங்களோடு ஒருவரைக் கூட்டிப் போகலாம், ஆங்கிலம் தெரிந்த மச்சாளாகவும் இருக்கலாம். ஐபிஆர்சி நடக்காமலே ஐஇபி எழுதவும் பள்ளிக்கூடத்தால் முடியும், அதையும் கேளுங்கள்.

பிள்ளையின் கற்றல் சிக்கலைக் கண்டறியும் உளவியல் மதிப்பீட்டைச் சொந்தக் காசில் செய்ய சில ஆயிரம் டொலர் ஆகும். முதலில் பள்ளிக்கூடத்தின் மதிப்பீட்டு வரிசையில் பெயரைப் போடுங்கள், அதேநேரம் வேலையிடத்துக் காப்புறுதி எவ்வளவு தரும் என்று பாருங்கள். நிபுணர் ஒருவர் குறிப்பிட்ட கருவி அவசியம் என்று எழுதிக் கொடுத்தால், 'எஸ்ஈஏ' என்ற நிதியில் கல்விச் சபையே வாங்கித் தரும். நீங்கள் காசு கட்டுவதில்லை. ஒன்ராறியோவுக்குள் பள்ளிக்கூடம் மாறினால் கருவியும் பிள்ளையோடு போகும், ஆகவே வீடு மாற முன் பழைய பள்ளிக்கூடத்தில் அதை ஞாபகப்படுத்துங்கள்.

"எங்கட பிள்ளைக்கு அப்படியொன்றும் இல்லை" என்று ஐஇபியை வேண்டாமென்ற குடும்பங்கள் எனக்குத் தெரியும். சான்றிதழில் எழுதிவிடுவார்கள், பல்கலைக்கழகம் எடுக்காது என்று பயம். மேலதிக நேரம், வாசிப்பு மென்பொருள் போன்ற வசதிகளோடு படித்தாலும் உயர்பள்ளிச் சான்றிதழ் அதே சான்றிதழ்தான். பாடத்தில் பிள்ளை கற்க வேண்டியது எது என்ற எதிர்பார்ப்பையே மாற்றுவது வேறு விசயம், ஐஇபியில் அந்தப் பகுதி நிரப்பப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். கல்லூரி, பல்கலைக்கழகம் போகும்போது ஓசாப் என்ற ஒன்ராறியோ மாணவர் நிதியுதவியைப் பெறத் தகுதியுள்ள மாணவருக்கு, இயலாமை தொடர்பான சேவைக்கும் கருவிக்கும் வருடத்துக்கு 20,000 டொலர் வரை மத்திய அரசின் மானியமும் உண்டு.

ஐஇபி வந்ததும் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். ஒவ்வொரு செப்டெம்பரிலும் ரீச்சர் மாறுவார். முதல் வாரத்திலேயே அந்தப் பிரதியோடு போய், குரல் தட்டச்சுக்குப் பிள்ளை எந்த மூலையில் இருந்து பேசலாம் என்று கேளுங்கள். வகுப்பு நடுவில் மைக்கோடு பேச என் மகனுக்குக் கூச்சம். இப்போது நூலக அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கதிரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.