கை எம்பிராய்டரி: நான் செய்து முடித்த தவறுகளை இப்போது இவர்கள் செய்கிறார்கள்

மதுரையில் நான் தங்கியிருக்கும் விடுதியின் மொட்டை மாடிப் படிக்கட்டில், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நான்கு பேர், துணியை இறுக்கிப் பிடிக்கும் வட்ட ஃப்ரேமும் கையுமாக உட்கார்ந்திருப்போம். நான் மட்டும்தான் ஏழு வருடமாகத் தைக்கிறேன். மற்ற மூவரும் இந்தச் சித்திரையில் ஆரம்பித்தவர்கள். வேலை முடிந்து வந்து, குளித்து, ஒரு டீ போட்டுக்கொண்டு ஊசியைக் கையில் எடுத்தால் அன்றைய அலுவலகச் சத்தம் எல்லாம் அடங்கிவிடும். அதற்காகத்தான் தைக்கிறோம், விற்பதற்கோ போட்டிக்கோ இல்லை.

ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் வயிற்றைக் கலக்குகிறது. நான் என்னென்ன கூத்து அடித்தேனோ அதையெல்லாம் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஊசி குத்திக்கொள்வது, நூல் சிக்கு விழுவது, இலை கோணலாக வருவது, இதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது தானாகச் சரியாகிவிடும். காசும் நேரமும் போகிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ஆறு இழையையும் ஒன்றாகக் கோர்ப்பது

கடையில் வாங்கும் ஆங்கர் நூல் கட்டு ஒன்றில் எட்டு மீட்டர் இருக்கும். அந்த நூல் ஆறு மெல்லிய இழைகள் சேர்ந்தது. புதிதாக வருபவர்கள் அப்படியே ஆறையும் ஊசிக்குள் திணிக்கப் பார்ப்பார்கள். பூ பூவாக இருக்காது, கயிறு ஒட்டியதுபோல இருக்கும்.

சின்னப் பூவுக்கு இரண்டு இழை, காம்புத் தையலுக்கு இரண்டு அல்லது மூன்று, எழுத்துக்கு ஒன்று. கொத்தாகப் பிடித்து இழுத்துப் பிரிக்காதீர்கள், சிக்கு விழும். ஒவ்வொரு இழையாக மேல்நோக்கி உருவி எடுத்து, அப்புறம் தேவையானதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீளம் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை போதும், அதாவது சுமார் 45 செ.மீ. 'அடிக்கடி கோர்க்க சோம்பேறித்தனமா இருக்குக்கா' என்று ஒருத்தி இரண்டு கை நீளத்துக்கு நூல் எடுப்பாள். ஒவ்வொரு முறை துணிக்குள் போய் வரும்போதும் நூல் தேய்கிறது. பாதி தைப்பதற்குள் பஞ்சு பஞ்சாகிவிடும்.

ஃப்ரேமைக் கழற்றிவிட்டுத் தூங்குங்கள்

வட்டத் தழும்பு விழுந்தால் லேசில் போகாது.

பேனாவை நம்பி இஸ்திரி போடுவது

நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் எதையுமே வரையாமல், இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்பும் கொண்டு தைத்துவிடுகிறார்கள். 2013இல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நமக்கு அந்தக் கண் கிடையாது, துணியில் பூவை வரைந்துகொள்ளப் பேனா வேண்டும்.

தண்ணீர் பட்டால் மறையும் நீலப் பேனா நல்ல பேனாதான். ஆனால் தைத்து முடித்த சந்தோஷத்தில் முதலில் இஸ்திரிப் பெட்டியை வைத்தீர்களோ, அந்த நீலம் துணியிலேயே தங்கிவிடும். சோப்பு போட்டுத் துவைப்பதும் அப்படித்தான். முதலில் வெறும் குளிர்ந்த தண்ணீர். நீலம் முழுக்கப் போன பிறகு சோப்பு, காய்ந்த பிறகு இஸ்திரி. சூடு பட்டால் மறையும் பேனா வேறு வகை. கடுங்குளிரில் அந்தக் கோடு திரும்பி வரும் என்பார்கள். மதுரையில் அந்தக் கவலை வேண்டாம், துணியை ஃப்ரீஸரில் வைக்காமல் இருந்தால் சரி. ஆனால் கறுப்பு, கருநீலம் போன்ற துணிகளில் அது வெள்ளைத் தடம் விட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அடர் நிறத்துக்கு மஞ்சள் கார்பன் தாள்தான் என் கட்சி.

துணியை நனைக்காமல் தைப்பது

இதைத்தான் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் ஒரு சாயங்காலத்தோடு போகும் நஷ்டம். இது ஆறு வாரம்.

நான் தைக்க ஆரம்பித்த இரண்டாவது வருடம். அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு, சந்தன நிறத்தில் ஒரு கைத்தறிப் பருத்திப் புடவை வாங்கினேன். விலை 1,850 ரூபாய், அன்றைக்கு என் சம்பளத்தில் அது பெரிய தொகை. முந்தானை முழுக்க மல்லிகை மொட்டு. ஒவ்வொரு மொட்டையும் வெள்ளை நூலில் இடைவெளி தெரியாமல் சாட்டின் தையலால் நிரப்பி, கீழே ஒரு துளி பச்சைக் காம்பு. மொத்தம் 64 மொட்டுகள். வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டேன், சுருங்குமா என்று. 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாம தைங்க' என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் வேலை விற்பது.

அம்மா கட்டிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் எல்லாம் முந்தானையைத் தூக்கிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா அதைத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள். காய்ந்து எடுத்தால் முந்தானை, பொரித்த அப்பளம் மாதிரி இருந்தது. ஒவ்வொரு மொட்டும் தனித்தனிக் கொப்புளமாக உப்பி நின்றது. நீவி விட்டேன், இஸ்திரி போட்டேன், திரும்ப நனைத்து ஊசி குத்தி இழுத்துக் காயவைத்தேன். கொஞ்சம் அடங்கியது, அடுத்த அலசலில் திரும்பவும் எழுந்துகொண்டது. 'மடிச்சு விட்டா தெரியாதுடி' என்றாள் அம்மா. இன்றைக்கும் அந்தப் புடவையை முந்தானையைச் சுருட்டித் தோளில் போட்டுத்தான் கட்டுகிறாள்.

கோபத்தை இன்னும் கிளறியது அப்புறம் நடந்தது. எங்கள் வீட்டுக்கு ப்ளவுஸ் தைக்கும் அண்ணன், மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவர். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது இவரும் போனார். அவரிடம் முந்தானையைக் காட்டி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

'ஏம்மா, லைனிங் துணிய நனைச்சுக் காயவச்சுத்தானே எங்கிட்ட குடுப்பே? இத மட்டும் ஏன் நனைக்கல?'

பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவின் லைனிங் துணிகளை வாளியில் ஊறவைத்துக் கொடியில் போட்டவள் நான். தையல்காரர் திருப்பி அனுப்புவார் என்பதால் செய்தேனே தவிர, எதற்காக என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பதில் சொல்ல வாய் வரவில்லை.

விஷயம் இதுதான். தறியில் பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலை, விறைப்பாக இழுத்துக் கட்டி, கஞ்சியும் போட்டிருப்பார்கள். நெய்து வெளியே வந்த பிறகும் அந்த விறைப்பு துணிக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கும். முதல்முறை தண்ணீரில் முக்கியதும் கஞ்சி கரைந்து, பருத்தி ஊறி, நூல் தன் இயல்புக்குத் திரும்பி உள்வாங்குகிறது. பாவு ஓடும் நீளவாக்கில்தான் சுருக்கம் அதிகம். நாம் தைக்கும் எம்பிராய்டரி நூல் அப்படியில்லை. பெரும்பாலும் அது மெர்சரைஸ் செய்த பருத்தி. ஜான் மெர்சர் என்ற இங்கிலாந்துக்காரர் 1844இல் கண்டுபிடித்த, பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் முக்கும் முறை அது. பின்னால் வந்தவர்கள் நூலை இழுத்துப் பிடித்தபடியே முக்கினால் பளபளப்பு வருவதைக் கண்டுகொண்டார்கள். ஏற்கெனவே இவ்வளவும் பட்டு வந்த நூல் என்பதால் நம் வாளித் தண்ணீருக்கெல்லாம் பெரிதாக அசையாது.

ஆக, சுற்றியுள்ள துணி சுருங்குகிறது. மொட்டுக்கு அடியில் இருக்கும் துணியை மட்டும் தையல் இறுக்கிப் பிடித்திருப்பதால் அதனால் சுருங்க முடியவில்லை. போக இடமில்லாமல் மேலே உப்புகிறது. நூறுக்கு நான்கு பங்கு சுருங்கினாலே ஒரு மீட்டருக்கு 4 செ.மீ. காணாமல் போகும். தையல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு கொப்புளம். நான் பெருமைப்பட்டுக்கொண்ட அந்த இடைவெளி தெரியாத நிரப்பல்தான் என்னைக் கவிழ்த்தது.

இப்போது நான் செய்வது இது. வாங்கும்போதே மீட்டருக்கு ஐந்தாறு செ.மீ. கூடுதலாகக் கேட்பேன். வந்ததும் துணியின் ஒரு மூலையில் 20 செ.மீ. சதுரம் ஒன்றைச் சாதாரண நூலால் ஓடுதையல் போட்டுக் குறித்துக்கொள்வேன். ராத்திரி முழுக்க வெறும் தண்ணீரில் ஊறும். காலையில் தண்ணீர் கலங்கலாக, கையில் வழுவழுவென்று இருந்தால் கஞ்சி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் உலர்த்தி, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு அந்தச் சதுரத்தை அளப்பேன். 20 என்பது 19 ஆகியிருந்தால் இன்னொரு முறையும் ஊறும். இரண்டாவது முறை அளவு மாறாமல் நின்றால்தான் பேனாவைத் திறப்பேன். காடாத் துணியும் கைத்தறியும் பெரும்பாலும் இரண்டு முறை கேட்கும். பாலியஸ்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. பட்டுத் துணியை வாளியில் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள், அது உலர் சலவை ஜாதி.

அம்மா அந்தத் தண்ணீரில் ஒரு கைப்பிடி கல்லுப்பும் போடச் சொல்வாள், சாயம் நிற்கும் என்று. சாயத் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சாயம் ஏற்றி முடித்து விற்பனைக்கு வந்த துணியில் அது எதையும் பிடித்து நிறுத்தாது. இருந்தாலும் அம்மா போடுவாள். துணிக்கு ஒன்றும் கெடுதல் இல்லை, விட்டுவிட்டேன்.

இதை இந்தப் பெண்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! 'சரிக்கா, சரிக்கா' என்பார்கள். கடையிலிருந்து வந்து கவரைப் பிரித்த அரை மணி நேரத்தில் ஃப்ரேம் மாட்டியிருப்பார்கள். புதுத் துணியின் அந்த மொடமொடப்பு இருக்கிறதே, அதில் ஊசி இறங்கும் சுகம் தனிதான், எனக்கும் தெரியும். அந்த மொடமொடப்புதான் கஞ்சி.

சிவப்பு நூலைச் சோதிக்காமல் தொடுவது

சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றும் என் கணக்கில் சந்தேகக் கேஸ்கள். பெயர் தெரியாத நூறு நிறப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் இன்னும் சந்தேகம். ஒரு முழம் நூலை நனைத்து வெள்ளைத் துணிக்குள் வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் தைக்கலாம்.

துணிக்கும் இதே பரீட்சை உண்டு. முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் நம் ஊர்ச் சுங்குடிக்கு 2005லேயே புவிசார் குறியீடு வாங்கியாயிற்று, பெருமைதான். அதற்காக அடர் நிறச் சுங்குடி முதல் இரண்டு மூன்று அலசலில் சாயம் விடாது என்று நினைத்து அதன்மேல் வெள்ளை நூலில் தைக்காதீர்கள். வெள்ளைப் பூ ரோஜாப்பூவாகத்தான் வரும்.

பூவின் மேல் இஸ்திரிப் பெட்டி

கூடாது. தடித்த துண்டின்மேல் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம்.

பின்பக்கத்தைப் பார்த்து அழுவது

யாரும் பார்க்கப்போவதில்லை. விடுங்கள்.

போன சனிக்கிழமை மூவரில் சின்னவள் ஒப்பந்தம் போட்டதுபோல நான் சொன்னபடியே செய்தாள். குழந்தை பிறந்திருக்கும் அவள் அக்காவுக்கு வெள்ளைப் பருத்தியில் சின்னப் போர்வை, நான்கு மூலையிலும் யானை. சதுரம் குறித்து, குளியலறை வாளியில் ஊறவைத்து, 'துணி ஊறுகிறது, கொட்டாதீர்கள்' என்று தாளில் எழுதி வாளிமேல் ஒட்டினாள். காலையில் யாரோ அவசரத்தில் துணியை ஓரமாகப் பிழிந்து வைத்துவிட்டு அந்தத் தண்ணீரிலேயே குளித்திருந்தார்கள். 'முடியெல்லாம் மொடமொடன்னு நிக்குது, தண்ணில என்னத்தக் கலந்தீங்க?' என்று இரண்டாவது மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. இவள் அளந்து பார்த்தாள். 19.2. மறுபடியும் வாளியை நிரப்பினாள்.