கவனக்குறைவு வழக்குகளில் மருத்துவருக்காக வாதாடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிவில் நீதிமன்றப் பழக்கத்தை, நோயாளிகள் மருத்துவர்மீது புகார் கொடுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு அப்படியே கொண்டுபோவதுதான் முதல் தவறு. வாய்தா வாங்கி, நிதானமாக எதிர்வழக்குரை தாக்கல் செய்து பழகிய கை அது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவு பதிலுரைக்கு 30 நாள் தருகிறது. காரணம் காட்டினால் மேலும் 15 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூட நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ உள்ள சிறிய மருத்துவமனையில் ஆணையத்தின் நோட்டீஸைக் கையெழுத்திட்டு வாங்குபவர் பெரும்பாலும் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண். மருத்துவர் உறையைப் பிரித்துப் பார்ப்பதற்குள் இரண்டு வாரம் போயிருக்கும். புகார் நகலோடு நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. ஆகவே கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்னால் உறையைக் கேளுங்கள்.

அடுத்தது கேஸ் ஷீட், அதாவது நோயாளிக்கு அளித்த சிகிச்சையின் பதிவேடு. நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். நல்ல மருத்துவர்கள்கூட பதற்றத்தில், "அன்றைக்கு எழுத விட்டுப்போனதை இப்போது சேர்த்துவிடட்டுமா?" என்று கேட்பார்கள். மௌனமாக இருந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எனவே எதிர்த்தரப்பிடம் ஏற்கெனவே ஒரு நகல் இருக்கலாம். இரண்டு நகல்களும் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அதற்குப் பிறகு எந்த வாதமும் எடுபடாது. குறைபாடுள்ள, ஆனால் நேர்மையான பதிவை வைத்து வாதாட நமக்குச் சட்டம் இடம் தருகிறது. சிகிச்சை பலிக்காமல் போனதோ, தீர்மானத்தில் நேர்ந்த பிழையோ மட்டுமே கவனக்குறைவாகிவிடாது என்பதை 2005இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. திருத்திய கேஸ் ஷீட் அந்தப் பாதுகாப்பையும் கெடுத்துவிடும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறது என்றதும் நிம்மதி அடைவதும் தவறு. வேலூரில் வாதாடுபவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுபவர்கள், ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து உருது பேசுபவர்கள், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருபவர்கள் என்று இந்த ஊரின் நோயாளிகள் பல மொழிக்காரர்கள். அச்சடித்த ஆங்கிலப் படிவத்தின் அடியில் வங்காள எழுத்தில் ஒரு கையெழுத்து இருந்தால், அவருக்கு விளக்கிச் சொன்னவர் யார், எந்த மொழியில் சொன்னார் என்ற கேள்வி வராமல் இருக்காது. மொழிபெயர்த்த செவிலியர் இன்னும் பணியில் இருக்கிறாரா என்று முதல் வாரத்திலேயே விசாரித்து, அவருடைய வாக்குமூலத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவை சிகிச்சைக்கும் சேர்த்துத் தந்ததாகாது என்று 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் படிவத்தின் வாசகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது, அவர் மருத்துவ நிபுணரைச் சாட்சியாக அழைக்கவில்லை, வழக்கு தானே தள்ளுபடியாகிவிடும் என்று சில வழக்கறிஞர்கள் இருந்துவிடுகிறார்கள். தவறு வெளிப்படையாகத் தெரியும் வழக்குகளில் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தாகிவிட்டது. அதனால் மருத்துவத்தை நீங்களே படித்தாக வேண்டும். கட்சிக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், அதே துறையைச் சேர்ந்த, அவரோடு தொடர்பில்லாத இன்னொரு மருத்துவரிடம் கேஸ் ஷீட்டைக் காட்டி, "நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் நமக்குப் பாதகமாக இருந்தால், ஆணையத்தில் தெரிவதைவிட நம் அறையிலேயே தெரிவது நல்லது.

கவனக்குறைவுப் புகாருக்கு ஆளான கட்சிக்காரர் மருத்துவராக அல்லாமல் சக வழக்கறிஞராக இருந்தால் நிலை வேறு. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது; புகார் நிலைக்கத்தக்கதல்ல என்ற ஆட்சேபத்தைத் தொடக்கத்திலேயே எழுப்ப வேண்டும்.

பதிலுரையில் வழக்கமாக இடம்பெறும் "பணம் பறிக்கும் நோக்கத்தில் தொடுக்கப்பட்ட பொய்ப் புகார்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். கணவனை இழந்த ஒரு பெண் அதைப் படிக்கப்போகிறார். சிகிச்சை சரியாக நடந்தது என்பதற்கு அந்த வரி எந்த ஆதாரமும் தருவதில்லை. என்ன நடந்தது என்று யாரும் எடுத்துச் சொல்லாததாலேயே ஆணையத்துக்கு வருகிற குடும்பங்கள் உண்டு. சமரசம் பேச அவர்கள் தயாராக இருந்தால் பேசலாம். ஆனால் மருத்துவர் தொழில்சார் பொறுப்புக் காப்பீடு எடுத்திருந்தால், காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஒரு தொகையையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் வந்த உடனேயே அந்த நிறுவனத்துக்குத் தகவல் தந்தாயிற்றா என்பதையும் பாலிசியைக் கையில் வாங்கிச் சரிபாருங்கள்.