நானோகுழாயும் தொலை அகச்சிவப்பும்: ப்ராஜெக்ட்டில் சறுக்கும் இடங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்குக் கார்பன் நானோகுழாயை (கார்பன் அணுத் தாளைச் சுருட்டியதுபோன்ற, நானோமீட்டர் விட்டமுள்ள குழாய்) எடுத்து, அது தொலை அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதை அளப்பவர்களுக்கு முதல் சறுக்கல் பெல்லட்டில்தான், அதாவது மாதிரியை அழுத்திச் செய்யும் வில்லையில். பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து, அழுத்தி, எஃப்.டி.ஐ.ஆர். என்ற அகச்சிவப்பு ஸ்பெக்ட்ரம் எடுக்கும் கருவியில் வைப்பது பழகிய வழி. ஆனால் அந்த உப்பு ஏறக்குறைய 400 செ.மீ⁻¹-க்குக் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) கீழே ஒளியை விடாது. சாதாரணக் கருவியின் அளவீடும் அங்கேயே நின்றுவிடும். தொலை அகச்சிவப்பு அதற்கும் கீழே. பாலிஎதிலீன் தாளோ, மின்தடை மிகுந்த சிலிக்கானோ வேண்டும். நீராவியும் இங்கே கோடுகோடாக உறிஞ்சும் என்பதால் கருவிக்குள் உலர்ந்த நைட்ரஜனை ஓடவிடுங்கள்.

சரி, ஸ்பெக்ட்ரம் கிடைத்துவிட்டது. ஒற்றைச் சுவர்க் குழாய்ப் படலமென்றால் பெரும்பாலும் 100 செ.மீ⁻¹ பக்கத்தில், அதாவது 3 டெராஹெர்ட்ஸ் அருகே, அகலமான ஒரு பீக் தெரியும். உடனே "இது பட்டை இடைவெளி" என்று, அதாவது எலக்ட்ரான் தாண்டவேண்டிய ஆற்றல் இடைவெளி என்று, எழுதிவிடுகிறார்கள். முழுக்க ஆதாரமில்லாத எண்ணமல்ல. உலோக வகைக் குழாய்களிலும், ஆர்ம்சேர் என்ற சுருள் அமைப்பு தவிர, சுவரின் வளைவால் சிறு இடைவெளி உண்டாகும் என்று இயற்பியலாளர்கள் கேனும் மெலேயும் 1997-இல் காட்டினார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 100 செ.மீ⁻¹ என்பது 12 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பம் எலக்ட்ரானுக்குத் தரும் ஆற்றலே ஏறக்குறைய 26. அவ்வளவு சின்ன இடைவெளியைக் கடக்க எலக்ட்ரான்களுக்கு ஒளி எதற்கு? அறைவெப்பத்தில் பீக் மங்கியிருக்க வேண்டும், மங்குவதில்லை.

பீக்கில் பெரும்பங்கு பிளாஸ்மானுடையது. எலக்ட்ரான் கூட்டம் குழாயின் நீளவாக்கில் சேர்ந்து முன்னும் பின்னும் ஆடுகிறது. இரு முனைகளும் அதற்கு எல்லை. நம் தெருக்கூத்தில் வாசிக்கும் முகவீணை நாகசுரத்தைவிடக் குட்டை, அதனால் சுருதி கூடுதல்; இங்கும் அப்படித்தான். குழாய் குட்டையானால் பீக் உயர் அதிர்வெண்ணுக்கு நகரும். இடைவெளியாக இருந்தால் விட்டத்தையும் சுருள் அமைப்பையும்தான் சார்ந்திருக்கும், நீளத்தை அல்ல. 2013-இல் உலோக வகை, குறைக்கடத்தி வகை இரண்டையும் பிரித்துப் படலமாக்கி அளந்தபோது இரண்டிலுமே பீக் தெரிந்தது. குறைக்கடத்திக் குழாயும் டோப் ஆகியிருந்தால், அதாவது வேற்றுப் பொருளால் அதில் மின்னூட்டம் கூடியிருந்தால், ஆடும் எலக்ட்ரான்கள் கிடைத்துவிடும், அவ்வளவுதான்.

அப்புறம், திசை. ஒளியின் மின்புலம் குழாயின் அச்சுக்கு இணையாக இருந்தால்தான் நன்றாக உறிஞ்சும். வரிசையாக அடுக்கிய படலத்தில், மின்புலத் திசையைத் தேர்ந்தெடுக்கும் போலரைசரைத் திருப்பாமல் ஒரே அளவீட்டோடு நிறுத்தினால் பாதி விஷயம் போய்விடும். தாறுமாறாகக் கிடக்கும் படலத்தில் அந்தக் கவலை இல்லை.

குழாய்களைத் திரவத்தில் பிரிக்கும் மீயொலிக் கருவியான சோனிகேட்டரையும் கவனியுங்கள். அதில் நேரம் கூடக்கூடக் குழாய் முறிந்து குட்டையாகும், பீக்கும் இடம் மாறும். எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்பதை எழுதாத அறிக்கையை வேறு யாருடைய ஸ்பெக்ட்ரத்தோடும் ஒப்பிட முடியாது.