அர்ச்சுனன் தபசு: முதலில் கண், பிறகு கைப்பேசி

சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம், நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பமான அர்ச்சுனன் தபசை ஒரே பார்வையில் பார்த்து முடிக்கக் கண்ணால் ஆகாது. கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்துங்கள். அதன் அகலம் ஏறக்குறைய 2 பாகை. விழித்திரையின் மையக்குழி மிகக் கூர்மையாகக் காண்பதும் அவ்வளவுதான். 15 மீட்டர் தள்ளி நின்றால் பாறையில் அரை மீட்டர்தான் துல்லியமாகத் தெரியும். கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது, கிடைத்த துண்டுகளை மூளை ஒட்டிக்கொள்கிறது. எங்கே தாவுவது என்பதில் மனத்தில் இருக்கும் கேள்விக்குப் பெரும் பங்கு உண்டு. ரஷ்ய ஆய்வாளர் யார்பஸ் ஒரே ஓவியத்தைக் காட்டி வேறு வேறு கேள்வி கேட்டபோது, பார்வை போன தடமும் மாறியது.

எனவே கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டுக் கேள்வியோடு நில்லுங்கள். தேட வேண்டியதில்லை, சிற்பமே கேள்வியைத் தருகிறது. இது சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் செய்த தவமா, பகீரதன் வேண்டிக் கங்கை இறங்கியதா என்று அறிஞர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. முதல் ஐந்து நிமிடம் அர்ச்சுனன் கட்சியில் இருங்கள்: விலா தெரிய ஒற்றைக் காலில் நிற்கும் தவசி, பக்கத்தில் சிவன், சுற்றிலும் பூதகணங்கள். அடுத்த ஐந்து நிமிடம் கங்கை கட்சிக்கு மாறுங்கள்: நடுவே பாறைப் பிளவு, அதில் மேலேறும் நாகர்கள், பிளவின் அடியில் துணி பிழிபவர், குடம் சுமப்பவர். இரண்டாவது சுற்றில் காண்பவற்றில் பாதி முதல் சுற்றில் கண்ணில் பட்டிருக்காது. மூன்றாவதாகச் சின்ன உருவங்களுக்கு வாருங்கள்: பெரிய யானையருகே பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனை, அதைச் சுற்றி எலிகள். தவசியின் கைகளையும் பூனையின் முன்னங்கால்களையும் மாறி மாறிப் பாருங்கள், சிற்பியின் குறும்பு புரியும்.

இதற்குப் பிறகு படம் எடுக்கலாம். அருங்காட்சியகத்தில் உளவியலாளர் லிண்டா ஹெங்கல் நடத்திய சோதனையில் (2014), முழுப் பொருளையும் படமெடுத்தவர்களுக்கு அது பற்றிய நினைவு குறைந்தது; ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்குக் குறையவில்லை.

பல இடங்களிலிருந்து எடுத்த படங்களைக் கொடுத்தால் மென்பொருள் முப்பரிமாண மாதிரி செய்து தரும். அதற்கு முழுப் பாறையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு மீட்டர் அகலப் பகுதி ஒன்று போதும். பாறை கிழக்கு நோக்கியது. காலை வெயில் நேரே விழுந்து உருவங்களைத் தட்டையாக்கும், உச்சிக்குச் சற்று முன் மேலிருந்து சாய்ந்து விழுந்து செதுக்கலை எடுத்துக்காட்டும். கண்ணால் பார்க்க இந்த இரண்டாவது நேரம் சிறந்தது. மாதிரிக்கான படப்பதிவுக்கு அது ஆகாது, நிழல் நகர நகர மென்பொருள் குழம்பும். மேகமூட்டமோ, பாறை முழுக்க நிழலுக்குள் போன பிற்பகலோதான் பதிவுக்கு ஏற்றது.

ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (ஒளி அளவு) பாறை மேல் வைத்துப் பூட்டுங்கள். இல்லையென்றால் மேலே வானம் படச்சட்டத்துக்குள் வரும்போது கல் கறுத்துவிடும். ஜூமை இடையில் மாற்றாதீர்கள். வேலிக்கு வெளியே, பாறைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். சட்டத்துக்குள் நான்கு மீட்டர் அடங்கினால் 80 செ.மீ.க்கு ஒரு படம், அதாவது அடுத்தடுத்த படங்கள் 80 விழுக்காடு ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும். குனிந்து ஒரு வரிசை, மார்பளவில் ஒன்று, கையை உயர்த்தி ஒன்று. பகுதியின் இரு ஓரங்களையும் தாண்டிப் போய், அங்கிருந்து சாய்வாகவும் எடுங்கள். மொத்தம் 60 படமாவது வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: நின்ற இடத்திலேயே கைப்பேசியைத் திருப்பித் திருப்பி எடுப்பார்கள். நிற்கும் இடம் மாறாவிட்டால் ஆழத்தைக் கணக்கிட மென்பொருளுக்கு வழியே இல்லை. அளவுக்காக ஒரு மீட்டர் கோலைத் தரையில் வைத்து அதுவும் படத்தில் விழும்படி பாருங்கள். சிற்பத்தின் மேல் எதையும் சாய்க்கக் கூடாது. முக்காலிக்கும் டிரோனுக்கும் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். டிரோன் இல்லாததால் மாதிரியில் உருவங்களின் மேல்பக்கத்தில் ஓட்டைகள் வரும். அவற்றை அப்படியே விடுங்கள். தானாக அடைக்கச் சொன்னால், இல்லாத கல்லை மென்பொருள் செதுக்கிவிடும்.

படங்களை மெஷ்ரூம் என்ற மாதிரி செய்யும் மென்பொருளில் கொடுங்கள். இலவசம்தான், ஆனால் முழுத் தரத்துக்கு என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை தேவை. கிடைத்த மாதிரியை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் திறந்து நிறத்தை நீக்கிச் சாம்பல் பூச்சுக் கொடுங்கள். கறையும் பாசியும் மறைந்து உளித்தடம் மட்டும் நிற்கும். அதிலுள்ள சூரிய விளக்கை மேலிருந்து, பாறைப் பரப்புக்கு 10 முதல் 15 பாகைச் சாய்வில் வையுங்கள். கீழிருந்து வைத்தால் புடைப்பு குழிவாகத் தோன்றலாம், ஏனெனில் ஒளி மேலிருந்தே வரும் என்று மூளை எண்ணிக்கொள்கிறது. கல்வெட்டுப் படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் வெட்டெழுத்து மேடாகத் தெரிவதும் இதனால்தான்.

மறுநாள் மாதிரியைத் திறக்கும் முன் ஒரு தாளில் அந்தப் பகுதியை நினைவிலிருந்து வரையுங்கள். கோடு கோணலானால் பரவாயில்லை, யார் எங்கே என்பது இருந்தால் போதும். மீண்டும் பார்ப்பதை விட முயன்று நினைவுகூர்வது நினைவை ஆழப் பதிக்கும். அதன் பிறகே மாதிரியோடு ஒப்பிட்டு, விடுபட்ட உருவங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி வரையும்போது அந்தக் குறிப்பைப் பார்க்காதீர்கள்.