பீட்டர் ஹிக்ஸின் மேற்கோள் கணக்கு: துகள் இயற்பியலாளர் ஒருவரின் ஆய்வுப் பதிவை இன்ஸ்பயரில் வாசிப்பது எப்படி?

ஹிக்ஸ் போசான் என்ற துகளை முன்கணித்த பீட்டர் ஹிக்ஸ் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார், அவை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்று கணக்கெடுக்க ஒரு நாள் மாலை உட்கார்ந்தேன். அரை மணி நேர வேலை என்று நினைத்தது இரண்டு மாலைகளைத் தின்றது. முதல் மாலையில் நான் குறித்துவைத்த எண்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. அந்தத் தவறுகளின் வரிசையிலேயே இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

1. எங்கே தேடுவது

துகள் இயற்பியலாளர் என்றால் முதலில் திறக்க வேண்டியது இன்ஸ்பயர்-ஹெப் தளம். அமெரிக்காவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 1974இல் தொடங்கிய ஸ்பயர்ஸ் தரவுத்தளத்தின் வாரிசு இது. இன்று செர்ன், டெசி, ஃபெர்மிலேப் உள்ளிட்ட ஆய்வகங்கள் சேர்ந்து நடத்துகின்றன. கட்டணம் கிடையாது. கூகுள் ஸ்காலர் கைக்கு எளியதுதான் என்றாலும், ஆய்வாளரே தமக்கொரு பக்கம் அமைத்திருந்தால்தான் அதில் அவருடைய மொத்தக் கணக்கு கிடைக்கும் என்பதால், இந்தத் துறைக்கு நான் அதை இரண்டாம் சாட்சியாக மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

2. பெயரை எந்தப் பெட்டியில் இடுவது

தேடல் பெட்டியில் ‘ஹிக்ஸ்’ என்று மட்டும் தட்டினேன். ஹிக்ஸ் போசான், ஹிக்ஸ் புலம் என்று தலைப்பில் அவர் பெயரைத் தாங்கிய பிறருடைய கட்டுரைகள் வெள்ளமாக வந்து கொட்டின. பெட்டியின் இடப்பக்கத்தில் ‘லிட்டரேச்சர்’ என்றிருப்பதை ‘ஆதர்ஸ்’ என்று மாற்றிவிட்டுத் தேட வேண்டும். அப்போதுதான் ஆளுக்கு ஒரு பக்கம் கிடைக்கும். பெயரொற்றுமை உள்ளவர்களை ஆய்வு நிறுவனத்தையும் காலத்தையும் கொண்டு பிரித்தறியலாம். ஹிக்ஸுக்கு எடின்பரோ பல்கலைக்கழகம் போதுமான அடையாளம்.

3. சுருக்க அட்டவணை

ஆய்வாளர் பக்கத்தில் ‘சைட்டேஷன் சம்மரி’யை இயக்கினால் கட்டுரை எண்ணிக்கை, மொத்த மேற்கோள்கள், எச்-குறியீடு ஆகியவை இரண்டு நெடுவரிசைகளில் வரும். ஒன்று, ஆய்விதழில் வெளியாகும் முன்பே பகிரப்படும் முன்பதிப்புகளையும் சேர்த்து மேற்கோள் காட்டத்தக்க அனைத்தையும் எண்ணுவது. மற்றது ஆய்விதழில் வெளியானவற்றை மட்டும் எண்ணுவது. நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்கிறேன்.

எச்-குறியீட்டை 2005இல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். 40, 22, 9, 4, 1 என மேற்கோள்கள் பெற்ற ஐந்து கட்டுரைகள் ஒருவருக்கு இருந்தால் அவருடைய குறியீடு 4. அதாவது, நான்கு கட்டுரைகள் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்றுள்ளன. எவ்வளவு புகழ்பெற்றாலும் இந்த எண் கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டாது என்பதைக் கவனியுங்கள். ஹிக்ஸின் கதை இங்கேதான் இருக்கிறது. 1964க்குப் பிறகு பத்துக்கும் குறைவான கட்டுரைகளையே வெளியிட்டவர் அவர். இன்றைய சூழலில் தமக்குக் கல்வித்துறையில் வேலையே கிடைத்திருக்காது என்று, நோபல் பரிசு பெற்ற 2013ஆம் ஆண்டிலேயே சொன்னார். ஹிர்ஷ் தம் கட்டுரையில் கோட்பாட்டு இயற்பியலாளர் எட்வர்ட் விட்டனுக்குக் காட்டிய குறியீடு 110. அந்த அளவுகோலை ஹிக்ஸின் அருகே கொண்டுபோனால், அளவுகோலின் மீதுதான் சந்தேகம் வருகிறது.

4. ஆசிரியர் எண்ணிக்கை: நான் வழுக்கி விழுந்த இடம்

ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று, செர்னின் துகள் முடுக்கியான பெரிய ஹாட்ரான் மோதுவியில் பணிபுரியும் இளம் சோதனை இயற்பியலாளர் ஒருவரின் பக்கத்தைத் திறந்தேன். அவருடைய குறியீடு ஹிக்ஸினுடையதைப் பல மடங்கு தாண்டி நின்றது. ‘மாணவர் ஹிக்ஸை மிஞ்சிவிட்டார்’ என்று ஒரு வரியையும் எழுதிவிட்டேன். நல்லவேளை, அது அச்சுக்குப் போகவில்லை.

அந்த மோதுவியில் நடக்கும் அட்லஸ், சிஎம்எஸ் போன்ற கூட்டாய்வுகளில், குறிப்பிட்ட காலம் உழைத்துத் தகுதி பெற்றவர் எவரும் அதன்பின் அந்தக் குழு வெளியிடும் கட்டுரைகள் எல்லாவற்றிலும் ஆசிரியராகிறார். பெயர்கள் அகர வரிசையில் நிற்பதால், முதற்பெயர் யாருடையது என்பதற்கும் பொருள் இல்லை. இரண்டு குழுக்களும் 2015இல் சேர்ந்து வெளியிட்ட ஹிக்ஸ் போசானின் நிறை பற்றிய கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதன் 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போய்விட்டன. ஹிக்ஸின் 1964ஆம் ஆண்டுக் கட்டுரையோ, அவர் தனியாக எழுதியது, இரண்டு பக்கங்களுக்குள் அடங்கியது.

ஆகவே இடப்பக்க வடிகட்டிகளில் ‘நம்பர் ஆஃப் ஆதர்ஸ்’ என்பதன் கீழ் ‘10 ஆதர்ஸ் ஆர் லெஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அட்டவணையை மீண்டும் பாருங்கள். நான் பார்த்த இளைஞருக்கு எஞ்சியவை ஒற்றை இலக்கக் கட்டுரைகளே. அவர் உழைக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. அவருடைய உழைப்பு எந்தக் கட்டுரையின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது இந்த அட்டவணையில் தெரியாது, அவ்வளவுதான்.

5. ஆண்டு வரைபடம்

கட்டுரை ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆண்டுவாரி மேற்கோள் வரைபடம் உண்டு. பழக, ஸ்டீவன் வெயின்பெர்க் 1967இல் லெப்டான்களை (எலக்ட்ரான் வகைத் துகள்கள்) பற்றி எழுதிய மூன்று பக்கக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். 1971இல் ஜெரார்ட் டூஃப்ட் என்ற இயற்பியலாளர் அத்தகைய கொள்கைகள் கணக்கீட்டுக்கு உகந்தவை என்று நிறுவும்வரை அதை ஏறக்குறைய யாரும் சீண்டவில்லை. ஹிக்ஸின் கட்டுரைக்கு வேறொரு சிக்கல்: அதே 1964இல், அதே ஆய்விதழில், பிரவுட்–எங்லெர்ட் இணையும் குரால்னிக், ஹேகன், கிப்பிள் மூவரும் அதே கருத்தை எழுதியதோடு, ‘ஹிக்ஸ் பொறிமுறை’ (துகள்கள் நிறை பெறும் விதம்) என்ற சொல் பாடநூலுக்குள் போனபின் மூலக் கட்டுரையைக் காட்டாமலே பலர் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பின்னர்ச் சேர்த்தது

சுய மேற்கோள்களை நீக்கும் பெட்டியைத் தட்டியதும் எண்ணிக்கை சரிந்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். மேற்கோள் காட்டும் கட்டுரைக்கும் காட்டப்படும் கட்டுரைக்கும் பொதுவாக ஓர் ஆசிரியர் இருந்தாலே இன்ஸ்பயர் அதைச் சுய மேற்கோளாகக் கொள்கிறது. மூவாயிரம் பேர் எழுதிய கட்டுரையென்றால், அந்த மூவாயிரவரில் எவர் பின்னர்க் காட்டினாலும் அது கழிக்கப்படும். எனவே நான்காம் படியை முடித்துவிட்டே இந்தப் பெட்டியைத் தொடுங்கள்.

ஹிக்ஸின் முதல் கட்டுரைகளைக் காணவில்லை என்று இன்னொருவர் கேட்டிருந்தார். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1954இல் அவர் முனைவர் பட்டம் பெற்றது மூலக்கூறு அதிர்வுகள் பற்றிய ஆய்வுக்காக. அந்தக் காலத்து வேதி இயற்பியல் கட்டுரைகள் இன்ஸ்பயரின் எல்லைக்கு வெளியே விழுபவை. அவற்றைப் பல துறைக் கட்டுரைகளையும் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்திலோ கூகுள் ஸ்காலரிலோ தனியே தேடி, இன்ஸ்பயர் எண்ணோடு கூட்டாமல் தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.