வெயிட் ஊத்த பழைய ஈயம் சல்லிசா எங்க கிடைக்கும், எதை வாங்கலாம், எதை தொடக்கூடாது

தூண்டிலுக்கு குண்டு, வலைக்கு குண்டு, டைவிங் பெல்ட்டுக்கு வெயிட்னு எதை ஊத்துறதா இருந்தாலும் முதல் தலைவலி ஈயம்தான். புதுக் கட்டி வாங்கி ஊத்துறதுக்கு பேசாம ரெடிமேட் வெயிட்டையே வாங்கிட்டு போயிடலாம், அதனால பழசுதான் ஒரே வழி. ஆனா கிலோ என்ன விலைன்னு மட்டும் பாக்காதீங்க, உருக்கினப்புறம் எவ்ளோ தேறும்னு பாருங்க. நான் ஆரம்பத்துல ஒரு வாளி டயர் வெயிட் (சக்கரம் உதறாம இருக்க ரிம்ல மாட்டுற குண்டு) சும்மா கொடுக்குற மாதிரி விலைக்கு கிடைக்குதேன்னு 20 கிலோ தூக்கிட்டு வந்தேன், உருக்கி எடை போட்டா 11 கிலோ சொச்சம், மீதியெல்லாம் இரும்பு கிளிப்பு, ஜிங்க் (துத்தநாகம்), வால்வு மூடி, சிகரெட் துண்டு கூட கிடந்துச்சு.

அதுக்காக டயர் கடை வேண்டாம்னு சொல்லல. வீல் பேலன்சிங் பண்ற இடத்துல கழட்டின வெயிட் வாளில சேர்ந்துகிட்டேதான் இருக்கும், கூட்டம் இல்லாத நேரமா போய் நேரா கேளுங்க. முன்னாடி எல்லாமே ஈயமா இருந்துச்சு, இப்ப நிறைய ஜிங்க்கும் இரும்பும் வந்துடுச்சு. ஐரோப்பாவுல 2005லயே புது கார்ல ஈய வெயிட்டுக்கு தடை போட்டுட்டாங்க. அதனால வாளியை அப்படியே எடை போட விடாதீங்க, கொட்டி கிளறிப் பாத்துட்டு விலை பேசுங்க. ஒட்டுற டைப் வெயிட்ல ஈயமா இருக்குறது நல்ல மெத்து, கிளிப் டைப்ல ஈயத்தை கெட்டியாக்குற ஆன்டிமணிங்குற உலோகம் கலந்திருக்கும், கொஞ்சம் கெட்டி.

என்னைக் கேட்டா பெஸ்ட் சரக்கு ஷீட்டும் பைப்பும்தான். பழைய கட்டடம் இடிக்கிற இடம், பழைய பிளம்பிங் மாத்துறவங்க, கூரை வேலைக்காரங்க, எக்ஸ்ரே ரூமை பிரிக்கிறவங்க, இவங்ககிட்ட சொல்லி வச்சா கிடைக்கும், அதுவும் கிட்டத்தட்ட சுத்த ஈயமா இருக்கும். பழைய கேபிள் மேல்உறை, பாய்மரப் படகோட அடிப்பாரம், டைவிங்கை விட்டுட்டவங்களோட பழைய பெல்ட் வெயிட், இதெல்லாமும் கேட்டுப் பாருங்க. எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்ல முழிக்கிறவங்ககிட்ட மட்டும் வாங்காதீங்க, கூரை ஈயம் திருடு போறது சகஜம். கடைசியா காயலான்கடை, அங்க நீங்க பாத்து பொறுக்க விட்டா சரி, இல்லன்னா வேற கடை பாருங்க.

பாக்குறதுன்னா எப்படி? முதல்ல காந்தம், ஒட்டினா இரும்பு, தூக்கிப் போடுங்க. அடுத்து கட்டிங் பிளேயர்ல ஓரத்தை கடிச்சுப் பாருங்க, ஈயம்னா வெண்ணெய்ல இறங்குற மாதிரி பல் இறங்கி உள்ள பளபளன்னு தெரியும், ஜிங்க்னா வழுக்கும். சிமென்ட் தரையில போட்டா ஈயம் 'தொப்'னு விழும், ஜிங்க் 'கிணிங்'னு சத்தம் குடுக்கும். சில ஜிங்க் வெயிட்ல ஜிங்க்கோட குறியீடான Zn-னு எழுத்தே போட்டிருக்கும். கையில தூக்கினாலே பாதி புரியும், ஒரு சிசி ஈயம் 11.3 கிராம், ஜிங்க் 7.1தான்.

பேட்டரி மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ள ஆசிட், அந்த பிளேட்டை உருக்குறப்ப வர்ற புகையும் கழிவும் சாதாரண ஈயத்தை விட பல மடங்கு மோசம், ஆர்சைன் மாதிரி விஷ வாயு கூட வரலாம். பேட்டரியை முழுசா கடையில குடுத்துட்டு அந்தக் காசுல ஷீட் வாங்குங்க.

உருக்குறது வெட்டவெளியில, கனமான இரும்புப் பாத்திரத்துல, அதுல மறுபடி சமைக்கிற பேச்சே கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது. ஈயம் 327 டிகிரில உருகும், ஜிங்க்குக்கு 419 வேணும், அதனால தெர்மாமீட்டர் போட்டு 370 தாண்டாம வச்சீங்கன்னா தப்பி வந்த ஜிங்க் உருகாம கிளிப்போட சேந்து மேல மிதக்கும், ஓட்டைக் கரண்டில அள்ளிடலாம். சூட்டை ஏத்திட்டீங்கன்னா ஜிங்க் கலந்து மொத்த சரக்கும் கூழ் மாதிரி ஆயிடும், அச்சுல ஒழுங்கா ஓடாது. பைப்பை ரெண்டு முனையும் திறந்து நீளவாக்குல பிளந்து நல்லா காயவச்சுட்டு போடுங்க, உள்ள சொட்டுத் தண்ணி இருந்தா ஆவியாகி உருகின ஈயத்தை முகத்துல தெறிக்கும். ஈரம் பட்டதை உருகின ஈயத்துக்குள்ள போடாதீங்க, ஆறின பாத்திரத்துல போட்டு ஆரம்பத்துலேர்ந்து சூடு பண்ணுங்க. கண்ணாடி, கையுறை, ஷூ, ஈயத் தூசிக்கு ஏத்த மாஸ்க் கட்டாயம். குழந்தைங்க, கர்ப்பிணிங்க கிட்டவே வரக்கூடாது. முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவிட்டு போட்டிருந்த துணியை தனியா துவைங்க. மேல மிதந்த சாம்பல் கசடும் ஈயம்தான், குப்பையில கொட்டாம மூடி போட்ட டப்பால சேத்து காயலான்கடைக்கே குடுங்க.

தூண்டில் குண்டு ஊத்துறதுன்னா உங்க ஊர் சட்டத்தையும் பாத்துக்கோங்க, பிரிட்டன்ல அன்னப்பறவை சாகுதுன்னு 28 கிராம் வரைக்குமான பெரும்பாலான சின்ன ஈய வெயிட் விக்கிறதை 1987லயே நிறுத்திட்டாங்க. மெத்து ஈயத்தையும் கெட்டியையும் தனித்தனி கட்டியா ஊத்தி ஆணியால கீறி அடையாளம் போட்டு வைங்க, ஆறினப்புறம் ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்.